மைதானத்து விளக்கும் மாலை ஷிப்டும்

தெருவில் எல்லோருக்கும் அவள் கோச்சக்காதான். புருஷன்கூட, வீட்டில் அடுப்பு மூட்ட நேரமானால், "என்ன கோச்சக்கா, இன்னிக்கு சாப்பாடு உண்டா, இல்ல எனக்கு ரெட் கார்டா?" என்றுதான் கேட்பான்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்குக் காலை ஷிப்ட். கறைபட்ட விரிப்புகளைப் பிரித்துப் போடுவது, துவைத்துச் சூடாக வெளியே வருவதை இன்னொருத்தியோடு ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடிப்பது. மூன்று மணிக்கு வெளியே வரும்போது தோள்பட்டை கழன்று விழும்போல இருக்கும். ஆனாலும் மாலையானால் நகராட்சி மைதானத்தில் நிற்பாள். கால்பந்து ஆட அங்கே பதினைந்து பெண்பிள்ளைகள் வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டு, வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்து, தம்பி தங்கைகளை யாரிடமாவது தள்ளிவிட்டு அவர்கள் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இருட்டில் பந்து பட்டு ஒருத்திக்கு மூக்கு உடைந்த பிறகு, கோச்சக்கா வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். இரண்டு வருஷம் நகராட்சிக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் மைதானத்தின் நாலு மூலையிலும் விளக்குக் கம்பங்கள் நின்றன. திறப்பு விழா மேடையில் அவளுக்கு நாற்காலி போடவில்லை. போனால் போகிறது, விளக்கு எரிகிறதே என்று இருந்துவிட்டாள்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆறு மணிக்கு மேல் ஆடும் குழுக்கள், பிள்ளைகள் குழு உட்பட, விளக்குக்கு மணிக்கணக்கில் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டாதவர்கள் ஆறு மணிக்கு வெளியேறிவிட வேண்டும்.

"இருட்டுல சும்மா ஆடிட்டிருந்தோம் சார். இப்ப அதுக்கும் வழியில்லயா?" என்று அலுவலகத்தில் கேட்டாள்.

கிளார்க் தலையை நிமிர்த்தவில்லை. "வெளிச்சம் வேணும்னு ஊரக் கூட்டுனது யாரு? நீங்கதானே? கரண்ட் என்ன மழையாம்மா, சும்மா கொட்டுறதுக்கு?"

பெற்றோர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். இரண்டு பேர் தருவதாகச் சொன்னார்கள். தையல்காரர், "பொண்ணு ஓடறதுக்கு நான் காசு கட்டணுமா? வீட்டச் சுத்தி ஓடட்டும், இலவசம்" என்றார். அவர் பெண்தான் அணிக்குக் கேப்டன். கோச்சக்கா திட்ட வாயெடுத்து விழுங்கிக்கொண்டாள். அவர் மிஷினுக்கே தவணை கட்டிக்கொண்டிருந்தவர்.

சலவைக்கூடத்தில் மாலை ஷிப்டுக்குக் கூலி கூடுதல். அந்தக் கூடுதல் விளக்குக்குச் சரியாக இருக்கும். மற்ற நாளில் மைதானத்தில் நிற்கலாமே என்று, வாரத்தில் மூன்று நாள் மட்டும் அந்த ஷிப்டைத் தரும்படி சூப்பர்வைசர் அம்மாளிடம் கேட்டாள்.

"வந்தா வாரம் பூரா வா. உன் பந்துக்குத் தோதா அழுக்குத்துணி வராது."

ஒத்துக்கொண்டாள். அப்போது மைதானத்தில் யார் நிற்பது? வேன் ஓட்டுகிற புருஷனிடம் விசிலைக் கொடுத்தாள்.

"ஆஃப்சைடுன்னா என்னடி?"

"அத நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள பொண்ணுங்க கல்யாணமாகிப் போயிடுங்க. யாரும் அடிச்சுக்காம மட்டும் பாத்துக்கோ."

சலவைக்கூடத்து மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் மைதானத்து வெளிச்சம் தெரியும். விரிப்பின் முனையைப் பிடித்தபடி அடிக்கடி அந்தப் பக்கம் பார்ப்பாள். எதிரில் மடிக்கிறவள், "அடியே, துணியப் பாரு, கோணலா வருது" என்பாள். எரிகிறது, அது போதும் என்று நினைத்துக்கொள்வாள்.

நாலாவது வாரம், அரைமணி அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினாள்.

நாலு மூலையிலும் விளக்குகள் கொட்டிக்கொண்டிருந்தன. புல் ஒவ்வொன்றையும் எண்ணலாம். கோல் கம்பத்தடியில் ஐந்து பெண்கள் உட்கார்ந்து ஒரே போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் பந்தைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான்.

"மத்தவங்க எங்கடி?"

எழுந்தவர்களில் கோல்கீப்பர் பெண் சொன்னாள். "வர்றதில்ல கோச்சக்கா. நாங்க எது பண்ணாலும் மாமா சூப்பர் சூப்பர்ங்கறாரு. தப்பா உதைச்சாலும் சூப்பர். எதுக்கு வரணும்? கேப்டன அவங்க அப்பா தையலுக்கு உக்கார வெச்சிட்டாரு."

புருஷன் எழுந்து மண்ணைத் தட்டினான். "நீ அங்க ஒடிஞ்சு வேல செய்யற. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு உங்கிட்ட சொல்றது?"

வாட்ச்மேனிடம் போய் விளக்கை அணைக்கச் சொன்னாள். "ஆளிருந்தாலும் இல்லாட்டியும் எட்டு மணி வரைக்கும் உங்க கணக்குதான். எரியட்டும், விடுங்க" என்றார் அவர், பெரிய உபகாரம் செய்கிற தோரணையில்.

ஐந்து பேரையும் நிற்கவைத்துப் பந்தை இரண்டு முறை உதைக்க விட்டாள். அதற்குள் அரைமணி முடிந்துவிட்டது.

மறுமாதம் அவள் விளக்குக்குப் பணம் கட்டவில்லை. காலை ஷிப்டுக்குத் திரும்பக் கேட்டபோது அந்த இடத்தில் வேறொருத்தி வந்துவிட்டிருந்தாள். கேட்டுவிட்டு வந்ததை வீட்டில் சொன்னாள்.

"ஏன் கேட்ட?" என்றான் புருஷன். "அந்தக் காசுக்கு வீட்டுல ஆயிரம் செலவிருக்கு."

மறுநாளும் மாலை ஷிப்டுக்கே போனாள். அவன் சொன்னதில் தப்பும் இல்லை.