அழுகிய டேலியா கிழங்கு

தொட்டியைக் கிளறியதும் அந்த வாடை குப்பென்று ஏறியது. மூன்றாவது டேலியா கிழங்கும் அழுகிவிட்டது.

சின்ன வயதில் அல்சூர் வீட்டுக் கொல்லையிலும் இதே வாடைதான். அப்பா சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றுவார்.

"முளை விடற வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்கன்னு நர்சரிக்காரர் படிச்சுப் படிச்சு சொன்னாரே!" என்று அம்மா கத்துவாள்.

"பாவம், தாகமா இருக்கும்டி."

ஒரு வருஷம்கூடப் பூத்ததில்லை. மாதா படத்துக்கு அம்மா மார்க்கெட்டில்தான் டேலியா வாங்குவாள்.

அதனாலேயே நான் இந்தத் தொட்டியில் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. பிறகு எப்படி அழுகியது?

எரிச்சலோடு திரும்பினேன். பால்கனிக் கதவருகே அப்பா, கையில் ஈர மக்கு.

"ஒரு வாரமா பாக்கறேன், நீ தண்ணியே ஊத்தல. நல்லவேளை, நான் இருக்கேன்."