யானைக்கு ரிலீவர் வரவில்லை

ஒரகடத்துக்கு வந்த முதல் வாரம். நாலு வயதுக்காரி ஒருத்தி என் சேலைத் தலைப்பை இழுத்து, "மிஸ்ஸு, நீ இன்னா ஷிஃப்ட்டு?" என்று கேட்டாள். நம் ஊரில் புதிதாக ஒரு பெண்ணைப் பார்த்தால் யார் வீட்டுக்கு வந்திருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். நான், "எப்பவும் பகல்தாம்ட்டி" என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "ஜெனரலாம்" என்றாள். பகல் மட்டும் வேலை என்றால் இங்கே ஜெனரல் ஷிஃப்ட், ஆபீஸ்காரர்களின் ஷிஃப்ட். அன்றிலிருந்து வகுப்பில் எனக்குத் தனி மரியாதை.

கோவில்பட்டிப் பக்கம் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும், என்னைப்போல் மூட்டை கட்டி வந்து வாடகை அறையில் சோறு பொங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: இங்கே சூரியன் சும்மா ஒப்புக்கு உதிக்கிறது. நாளைத் தொடங்கி வைப்பது கம்பெனி பஸ். வெள்ளை வெள்ளையாக வரிசைகட்டி வந்து, நீலச் சட்டைகளை விழுங்கி, சாம்பல் சட்டைகளைத் துப்பிவிட்டுப் போகிறது. அந்தச் சட்டைகளின் பிள்ளைகள் பதினெட்டுப் பேர், பென்னலூர் போகும் சாலையில் ஒரு மாடிவீட்டில் இருக்கும் எங்கள் மழலைப் பள்ளிக்கு வருகிறார்கள். தென்காசி, தேனி, வாலாஜாபாத், இரண்டு பேர் பீகார். நான் கதை மிஸ். எழுத்தும் எண்ணும் அடுத்த அறையில். காத்திருப்பது, கேட்டு வாங்குவது, கொடுப்பது, அழுகிறவளின் பக்கத்தில் போய் உட்காருவது, இதெல்லாம் என் அறையில்.

ஊரில் இதே வேலையைப் பால்வாடியில் பதினோரு வருடம் செய்தேன். அங்கே பாதி வேலையை உறவுமுறை பார்த்துக்கொள்ளும். ஒரு பொம்மைக்கு இரண்டு பேர் சண்டை போட்டால், "ஒங்க அத்த மகதானல, குடுத்துரு" என்றால் போதும், முறைத்துக்கொண்டாவது கொடுத்துவிடுவான். முதல் நாள் அதையே இங்கேயும் சொன்னேன். பதினெட்டு முகங்களும் என்னை வெறித்தன. யாருக்கும் யாரும் அத்தை மகள் இல்லை.

அந்தப் பதினெட்டில் ஒருத்தி இனியா. வாலாஜாபாத்துக்காரி, நாலு வயது. பள்ளியில் இருப்பது ஒரே ஒரு சிவப்பு மூணு சக்கர சைக்கிள். ஏறினால் இறங்கமாட்டாள். இறக்கப் போனால் கடிப்பாள். தென்காசிப் பிள்ளை மதியின் முழங்கையில் பற்கள் பதிந்த திங்கட்கிழமை, பள்ளியை நடத்தும் மேடம் என்னை அழைத்தார். "வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்கறேன். இன்னொரு தடவ கடிச்சா அவங்க அம்மாகிட்ட வேற எடம் பாக்கச் சொல்லிடுவேன்." வேறு இடம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இனியாவின் அம்மா செல்வி கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் நிற்கிறாள். பிள்ளையை விட இடமில்லை என்றால் வேலையை விட்டு நிற்கவேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை கதைக்கு ஒரு யானையைக் கூட்டிவந்தேன். ஊஞ்சலில் ஏறிய யானை இறங்கவே மாட்டேன் என்கிறது. முயல் பக்கத்தில் நின்று அழுகிறது. "யானை இறங்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். "எறங்கணும்" என்று அறையே கத்தியது. இனியா மட்டும், "எறங்காது" என்றாள்.

"ஏன்ட்டி?"

"ரிலீவர் வர்ல."

"அதான் முயல் வந்திருக்குல்லா" என்றாள் மதி, முழங்கையைத் தடவிக்கொண்டே.

"அது சும்மா நின்னுகினு அழுவுது. ஒண்ணும் கேக்கல."

கன்னியம்மா, எங்கள் ஆயா, சுவரோரம் சாய்ந்திருந்தவள் சிரித்தாள். "கரெக்டா சொல்லுது மிஸ்ஸு. என் புள்ள லைன்லதான் கீறான். ரிலீவரு, அடுத்த ஷிஃப்ட்டு ஆளு, வந்து விசாரிச்சு, மிஷின்மேல கைய வெச்சாதான் இவன் கைய எடுப்பான். உன் யானைக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல."

அன்று மதியம் ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது பார்த்தேன். மதிய ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிய சீருடையில் இனியாவின் அப்பா, அவன் கையைப் பிடித்தபடி இனியா. செல்வி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். "சாப்ட்டாளா?" "ரசஞ்சோறு துன்னா. மூக்கு ஒழுவுது. தூங்கல." "சரி, நீ கெளம்பு." செல்வி பிள்ளையின் கையைப் பிடித்தாள். அதன் பிறகுதான் அவன் விட்டான். ஒரு கணம் இரண்டு பேர் கையும் அந்தச் சின்னக் கைமேல் இருந்தது. வாரம் ஆறு நாள் இப்படிக் கைமாறுகிற பிள்ளையிடம் போய், "நல்ல பிள்ளைல்லா, குடுத்துரு" என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் முயலுக்குப் புத்தி வந்தது. அழுவதை விட்டுவிட்டு விசாரித்தது. "கயிறு நல்லாருக்கா? கால் வலிக்குதா?" யானை, "இந்தப் பக்கம் கிரீச்சுங்குது, பாத்து ஆடு. புடி" என்றது. முயல் கயிற்றைப் பிடித்தது, யானை விட்டது. பிள்ளைகள் அதே கதையை நான்கு முறை கேட்டார்கள். வியாழக்கிழமை தண்ணீர்க் குழாய், செருப்பு அலமாரி, கழிவறைக் கதவு, எல்லா இடத்திலும் ஒப்படைப்பு நடந்தது. பீகார்ப் பையன் கன்னியம்மாவின் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, "டீக் ஹை?" என்று, எல்லாம் சரியா என்று இந்தியில் விசாரித்தான். "இன்னாடா கேக்கற? குப்ப இன்னும் கீது" என்றாள் அவள்.

சிவப்பு சைக்கிளின் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. பல்லின் நினைவு.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மதி போனாள். மேடம் ஜன்னலில் நின்றார். இனியா கைப்பிடியை இறுக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள். கன்னியம்மா ஓட எழுந்தாள், நான் அவள் முந்தானையைப் பிடித்தேன். மதி முழங்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கேட்டாள்: "பெல்லு அடிக்குதாட்டி?"

இனியாவின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு, "அடிக்காது" என்றாள். "பெடலு டைட்டு. இந்த காலால மிதி. புடி."

மதி பிடித்தாள். இனியா இறங்கினாள். ஜன்னலில் மேடம், "செல்விக்குப் போன் பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கன்னியம்மா என் கையிலிருந்து முந்தானையை உருவிக்கொண்டாள். "கிழிச்சுட்ட பாரு."

மதியம் எல்லாரும் போனபின் இனியா அப்பாவுக்காகக் காத்திருந்தாள், சைக்கிள்மேல்தான். வாசலில் அப்பாவின் தலை தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டாள். "மிஸ்ஸு, பெல்லு அடிக்காது. புடி." ஒரு கையால் பிடித்தேன். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது, ஊரிலிருந்து தங்கை. "எப்பக்கா வார? இங்க வீடு பூட்டியே கெடக்கு." மறு காதில் இனியா: "ரெண்டு கையாலயும் புடி மிஸ்ஸு. அப்பதான் வுடுவேன்."

ஒரு காதில் கரிசல், ஒரு கையில் சிவப்புக் கைப்பிடி. கைபேசியைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் பிடித்தேன்.