சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த விறகு

இன்சூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆளுக்கு எடுக்கிற இன்சூரன்ஸைச் சொல்லவில்லை. வீட்டுக்கு எடுக்கிற தீ இன்சூரன்ஸைச் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குக் கீழே பழைய தெரு ஒன்றில் எங்கள் வீடு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி அங்கே வந்தேன். சுண்ணாம்பு வைத்துக் கட்டிய கனத்த சுவர், தேக்கு உத்திரம், மேலே நாட்டு ஓடு. தெருவில் எல்லா வீடுகளும் ஒட்டினாற்போல நிற்கும். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர்தான். எங்கள் உத்திரம் அதில் இந்தப் பக்கம் ஏறியிருக்கும், பக்கத்து வீட்டு உத்திரம் அந்தப் பக்கம் ஏறியிருக்கும். சுவர் யாருடையது என்று யாரும் கேட்டதில்லை.

வீடு இரண்டு பேருக்குப் பொது. ஒருவர் என் வீட்டுக்காரர், முனிசிபாலிட்டியில் குமாஸ்தா. இன்னொருவர் அவருடைய அண்ணன், மதுரையில் இருந்தார். மூத்தார் எப்போதாவது வருவார். சாப்பிடுவார், கை கழுவிவிட்டு மோட்டுவளையைப் பார்ப்பார், இதை விற்றுவிடலாம் என்பார். என் வீட்டுக்காரர் அண்ணனுக்கு எதிரே வாய் திறந்ததே இல்லை. விற்கக் கூடாது என்று சொன்னது நான்தான். மூத்தார் மோட்டுவளையைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். மழைக்கு முன்னால் ஆள் வைத்து ஓடு மாற்றியவள் நான். கரையான் புற்றைக் கொத்தி எடுத்தவள் நான். என் பிள்ளைகள் மூன்றும் அங்கே பிறந்தவை.

அறுபதுகளில் ஒரு சித்திரை மாதம் பின்தெருவில் தீப்பிடித்தது. வரிசையாக நாலைந்து வீடுகள் போய்விட்டன. செய்தி மதுரைக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மூத்தார் வந்து நின்றார்.

"இது எரிஞ்சா என் பங்கும் சேந்துதானம்மா எரியும்," என்றார். "நீ விக்க விட மாட்டேங்குற. சரி. தைப் பொங்கலுக்குள்ள தீ இன்சூரன்ஸ் எடுத்துக் காட்டு. வீடு இருந்துட்டுப் போகட்டும். இல்லன்னா பங்கு பிரிச்சு என் பாகத்த வித்துருவேன்."

"எடுத்துக் காட்டுறேன் அத்தான்," என்றேன். அவ்வளவு சுலபம் என்று நினைத்தேன்.

ஊரில் இன்சூரன்ஸ் ஏஜண்ட் ஒருவர் இருந்தார். சைக்கிளில் வருவார். அதுவரை அவரிடம் நாங்கள் கேட்டது ஆளுக்கு எடுக்கிற பாலிசி பற்றித்தான். வீட்டுக்கு என்றதும் தலையைச் சொறிந்தார். பிறகு மதுரைக் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பார் என்று பதில் வந்தது. அதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் வருகிறது என்றே பாதிப் பேர் பேசிக்கொண்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அதைவிட மோசம். "ஆளு செத்தா பணம் வரும், கேள்விப்பட்டிருக்கோம். வீடு செத்தா யாருக்குப்பா மால போடுவாங்க?" என்று என் காதுபடவே சிரித்தார்கள்.

வீட்டில் ஒரு குச்சி கிடக்கக் கூடாது என்று ஏஜண்ட் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டிலோ எரிகிற பொருள்தான் அதிகம். தாடிக்கொம்புப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கிருந்து விறகுக்கு வருகிற பருத்திமார், தென்னமட்டை, மாட்டுக்குச் சோளத்தட்டை எல்லாம் பின்கட்டில் கூரை வரைக்கும் நிற்கும். சீமெண்ணெய் டின் வேறு. இதை எங்கே கொண்டு போய் வைப்பது?

பக்கத்து வீட்டு அக்கா வழி சொன்னார். தோல் வியாபாரம் செய்கிற குடும்பம். அவர் வீட்டுக்காரர் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். அக்காவின் பின்கட்டு அறை காலியாகக் கிடந்தது. "எம்புட்டு இருக்கோ அம்புட்டையும் இங்க போடு தங்கச்சி. அந்த ஆளு போனதும் எடுத்துக்க," என்றார். நானும் அக்காவும் ஆள் வைத்து எல்லாவற்றையும் சுமந்து அங்கே அடுக்கினோம். பொதுச்சுவரை ஒட்டியே அடுக்கினோம். எங்களுக்கு அது தூக்கிப் போடப் பக்கமாக இருந்தது. எங்கள் பின்கட்டைக் கழுவி விட்டேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்கூட நான் அப்படிக் கழுவியிருக்க மாட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உத்திரத்தைக் குடைக்கம்பியால் குத்திப் பார்த்தார். உத்திரத்தோடு ஆணி அடித்துப் போயிருந்த கரண்டு ஒயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வீடு கட்டி எத்தனை வருஷம் என்று கேட்டார்.

அண்ணன் எதிரே வாய் திறக்காத என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பார்த்துத் திறந்தார். "எப்படியும் எரநூறு வருசம் இருக்கும் சார். மேல கோட்டையில வெள்ளக்காரன் ஏறுறதுக்கு முன்னாடியே நாங்க இங்க இருக்கோம்," என்றார். உண்மையில் அவருடைய தாத்தா காலத்து வீடு அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வயது கூடக் கூடத்தான் மரியாதை. கல்யாணப் பேச்சிலும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். எனக்கு என் வீட்டுக்காரர் வாயைப் பொத்தலாம் போல இருந்தது.

அத்தோடு போயிருந்தால்கூடப் பிழைத்திருப்போம். பின்கட்டைப் பார்த்து முடித்ததும் இன்ஸ்பெக்டர் சுவரைத் தட்டினார். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார். பக்கத்து வீடு என்றோம். பொதுச்சுவர் என்றால் அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்றார். ஏஜண்டைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். இதை முதலிலேயே சொல்வதற்கு அவருக்கு என்ன கேடு?

அக்கா கதவைத் திறந்துவிட்டு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றார். உள்ளே பருத்திமார் கூரை தொட நின்றது. சீமெண்ணெய் டின் நடுவில் உட்கார்ந்திருந்தது.

"இதெல்லாம் யாரோடது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எங்களுதுதாங்க," என்றார் அக்கா. என்னைக் காப்பாற்றுகிறாராம்.

"எப்பவும் இங்கதான் இருக்குமா?"

"வருசம் பூரா இங்கதாங்க."

அவர் பேனாவை எடுத்தார். பக்கத்து வீட்டில் வருஷம் பூரா விறகு நிற்கிறது என்று எழுதினால் எங்கள் கதை முடிந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் இருப்பதை நாங்கள் எடுக்கலாம். அடுத்தவர் வீட்டில் இருப்பதை நாங்கள் எடுக்க வைப்போம் என்று எந்தக் கம்பெனி நம்பும்?

"இல்ல சார், அது எங்க விறகு," என்றேன். "முந்தாநாள்தான் இங்க அடுக்குனோம். நாளைக்கே எடுத்துருவோம்."

"எடுத்து எங்க வைப்பீங்க?"

"எங்க வீட்லதான். வேற எங்க வைக்கிறது?"

ஏஜண்ட் இருமினார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தெருவைத் தாண்டுவதற்குள் அக்கா என்மேல் பாய்ந்தார். "உனக்காகத்தானே ஒரு பொய் சொன்னேன். நீ எதுக்கு நடுவுல உம்மையச் சொன்ன?"

"உங்கள யாரு பொய் சொல்லச் சொன்னது?"

"நல்லா இருக்கே. வெறக ஒளிச்சு வைக்கும்போது அது பொய்யில்லையாக்கும்."

நான் விருட்டென்று எங்கள் வீட்டுக்குள் போய்விட்டேன். கொஞ்ச நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. விறகையும் இரண்டு பேரும் முகம் பார்க்காமல்தான் திருப்பிச் சுமந்தோம்.

கம்பெனி மறுத்துவிட்டது என்று ஏஜண்ட் வந்து சொன்னார். பழைய வீடு, பழைய மரம், விஷயத்தை மறைத்தவர்கள் என்றார்களாம். ஒரு குச்சி கிடக்கக் கூடாது என்று சொன்ன மனிதர், எங்களைத் திருடர்கள் மாதிரிப் பார்த்துக்கொண்டு இதைச் சொன்னார்.

பொங்கல் கழிந்த கையோடு மூத்தார் வந்தார். மூத்தவனுக்கு முன்பக்கம் என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். நான் கத்தினேன், இரண்டு நாள் உலை வைக்கவில்லை, எதுவும் நடக்கவில்லை. கூடமும் தெருவாசலும் மூத்தார் பங்குக்குப் போயின. அடுப்படி, கிணறு, பின்சந்துக்குப் போகிற சின்னக் கதவு எங்களுக்கு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்று எழுப்பினார்கள். வெயில் வருகிற பக்கம் அந்தச் சுவருக்கு அப்பால் போய்விட்டது. அடுப்படியில் பகலிலும் விளக்குப் போட வேண்டியதாயிற்று.

மூத்தார் தன் பங்கைப் புகையிலை வியாபாரி ஒருவருக்கு விற்றார். அவர் அதைச் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியாக்கினார். என் பிள்ளைகள் தவழ்ந்த கூடத்தில் புகையிலைச் சிப்பங்கள் உத்திரம் வரைக்கும் ஏறின. காரல் நெடி சுவரைத் தாண்டி வந்து சோற்றில் விழுந்தது. தீக்குப் பயந்துதான் விற்கிறேன் என்றாரே மூத்தார். அவர் விற்ற இடத்தில் இருந்ததெல்லாம் காய்ந்த இலை.

சில மாதம் கழித்து ஒரு காலையில் பின்கதவைத் தட்டினார்கள். திறந்தால் அதே ஏஜண்ட், அவருக்குப் பின்னால் அதே இன்ஸ்பெக்டர். கிட்டங்கிச் சரக்குக்கு இன்சூரன்ஸ் கேட்டிருக்கிறாராம் வியாபாரி. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் இப்போது நான்.

வழியை விட்டு விலகி நின்றேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த ஒற்றைச் சுவரை ஒட்டித்தான் பருத்திமாரை அடுக்கியிருந்தேன், வேறு இடம் இல்லை. சீமெண்ணெய் டின்னும் அங்கேதான். எதையும் நகர்த்தவில்லை.

"எல்லாத்தையும் எழுதிக்கங்க சார்," என்றேன். "வெறகு எங்களுது. வருசம் பூரா இங்கதான் இருக்கும். அடுப்பு மூணு வேளையும் எரியும்."

அவர் எழுதிக்கொண்டார். வியாபாரிக்கு மறுப்புத்தான் வரும் என்று நினைத்தேன். கிட்டங்கி காலியாகும், நெடி போகும் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. அன்றைக்கு அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அக்காவும் சிரித்தார். அப்படித்தான் நாங்கள் திரும்பப் பேச ஆரம்பித்தோம்.

வியாபாரிக்கு இன்சூரன்ஸ் கிடைத்துவிட்டது. பின்னால் அடுப்படி இருப்பதால் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டார்களாம். அவர் கட்டிவிட்டார்.

ஏஜண்டைச் சந்தில் மறித்தேன். கூடக் கட்டினால் கிடைக்கும் என்று எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"குடியிருக்கிற வீட்டுக்கு யாரும்மா கூடக் கட்டுவா? யாவாரின்னா கட்டுவான். அதான் உங்ககிட்ட கேக்கல," என்றார்.

"நான் கட்டியிருப்பேன்," என்றேன்.

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.