நின்று கேள்வி கேட்கும் படம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பேக்கிங் லைனில் மூன்று வருஷம் நின்றவள் நான். என் உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய், ஒரு நாள் பயிற்சி அறைக்கு மாற்றிவிட்டார்கள். தொழிலாளர்களுக்கான பாட வீடியோவுக்கு எழுதுவதும் குரல் கொடுப்பதும் வேலை. அறையில் ஏசி உண்டு, சுழலும் நாற்காலி உண்டு. இந்த இரண்டுக்காக நான் எதையும் செய்யக்கூடியவளாக இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது ஒரு புது விதி வந்தது. சீல் அடிக்கும் மிஷினைச் சுத்தம் செய்ய உள்ளே கை விடும் முன் மெயினை அணைத்து, அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேறு யாராவது தெரியாமல் ஆன் செய்துவிடுவார்கள், விரல் போய்விடும். இதற்கு ஒரு வீடியோ எடுக்க வேண்டியிருந்தது.

பயிற்சி அறைக்குப் பொறுப்பான சாருக்கு மியூசிக் வேண்டும், எழுத்துகள் பறந்து வந்து நிற்க வேண்டும், அம்புக்குறி சுற்ற வேண்டும். எனக்கோ ஒவ்வொரு படி முடிந்ததும் படம் நிற்க வேண்டும், "அடுத்து என்ன?" என்று கேட்க வேண்டும், பார்ப்பவர் யோசித்த பிறகுதான் மேலே ஓட வேண்டும்.

"படம் நின்னா கரன்ட் போச்சுன்னு நெனச்சிக்குவாங்கம்மா" என்றார் சார்.

"ரெண்டையும் எடுத்துப் பரிசோதிச்சே பாத்துடலாம் சார்" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"பாத்துடலாம். உன்னுது தோத்துச்சுன்னா நீ திரும்ப பேக்கிங்குக்குப் போய்டணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டு சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை.

ஒரே வசனம், ஒரே குரல், இரண்டு வடிவம். திங்கட்கிழமை முதல் ஷிஃப்டுக்கு என் படம். செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஷிஃப்டுக்கு சாருடைய படம். படம் முடிந்த கையோடு பத்துக் கேள்விகள். தாளில் பெயர் வேண்டாம், டோக்கன் நம்பர் போதும். ஆராய்ச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

முடிவு வந்தது. இரண்டாவது ஷிஃப்ட் என் ஷிஃப்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. சார் அன்றைக்கு டீயில் சர்க்கரையே போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவு இனிப்பாக இருந்தார்.

எங்காவது ஓட்டை கிடைக்காதா என்று தாள்களை மறுபடி புரட்டினேன். ஆறாவது கேள்வி: பூட்டிய பிறகு சாவி எங்கே இருக்க வேண்டும்? இரண்டு படத்திலும் என் குரல் "உங்கள் சட்டைப் பையில்" என்றுதான் சொல்லியிருந்தது. இரண்டாவது ஷிஃப்டில் ஒருவர்கூட அதை எழுதவில்லை. எல்லோரும் "இடுப்பில்" என்று எழுதியிருந்தார்கள். முறுக்கு மீசை வைத்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்கூட "இடுப்பில் சொருகிக்கொள்ள வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

முதல் ஷிஃப்டிலும் ஒரே ஒரு தாளில் "இடுப்பில்" இருந்தது. டோக்கன் நம்பரைப் பார்த்தேன். என்னோடு அதே லைனில் நின்ற, பொன்னேரியிலிருந்து வரும் அக்கா. ஷிஃப்ட் மாறும்போது இரண்டு ஷிஃப்டும் கேன்டீனில் கலந்துதான் உட்காரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தோஷத்தில் படியெல்லாம் தாவிக் கேன்டீனுக்கு ஓடினேன்.

"பரிட்சைக் கேள்வியெல்லாம் நீங்கதான் சொன்னீங்களா அக்கா?"

"ஆமா. ஃபெயிலானா ஆந்திரா யூனிட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு ரெண்டாவது ஷிஃப்ட் ஆளுங்க பேசிக்கினு இருந்தாங்க. எல்லாம் பேஜாரா இருந்துச்சுங்க. பாவமா இருந்துச்சு, சொல்லிக்குடுத்தேன்."

"எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?"

"உன் படத்துல வர்ற மாதிரிதான். ஒண்ணு சொல்லிட்டு, அடுத்து இன்னான்னு கேட்டுட்டு நிறுத்திடுவேன். பதில் சொல்லலன்னா தட்டுல இருக்கிற அப்பளத்த எடுத்துக்குவேன்."

அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது. சாருடைய படத்தைப் பார்த்தவர்களும் என் முறையில்தான் தேறியிருக்கிறார்கள்.

"ஆனா சாவி சட்டைப் பையிலதானே அக்கா? இடுப்புன்னு ஏன் மாத்திச் சொன்னீங்க?"

அக்கா எழுந்து, தன் நீலக் கோட்டை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். "பை எங்க இருக்குது, காட்டு."

பை இல்லை. அந்தக் கோட்டில் பையே கிடையாது. சின்னச் சாமான்கள் வெளியே போய்விடக் கூடாது என்று பை இல்லாமலே தைப்பார்கள். அதே கோட்டை மூன்று வருஷம் போட்டிருந்தவள், ஏசி அறைக்குப் போன எட்டாவது மாதத்தில் சட்டைப் பை என்று எழுதியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பயிற்சி அறைக்குத் திரும்பி "இடுப்பில்" என்று எழுதிய எல்லோருக்கும் மார்க் போட்டேன். என் ஷிஃப்ட் இன்னும் கீழே போனது.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாள்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இப்ப நீ ஜெயிச்சியா, தோத்தியா?"

"தெரியல சார். இந்தப் பரிசோதனை செல்லாது. ரெண்டு ஷிஃப்டுக்கும் ஒரே நேரத்துல காட்டி மறுபடி வெக்கணும்."

"வெக்கலாம், அடுத்த மாசம். அதுவரைக்கும் நீ பேக்கிங்ல நில்லு. நின்னுட்டு வந்து மறுபடி எழுது" என்றார், சிரித்துக்கொண்டே.

மறுநாள் காலை நீலக் கோட்டோடு அக்காவுக்குப் பக்கத்து மிஷினில் நின்றேன். சுத்தம் செய்யும் நேரம் வந்தது. மெயினை அணைத்தேன், பூட்டினேன், சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடப் போனேன். கை கோட்டின்மேல் வழுக்கிக் கீழே போனது.

அக்கா பார்த்துவிட்டார். "அடுத்து இன்னா?" என்று கேட்டு நிறுத்தினார். பதிலைச் சொல்லாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.