அண்ணன் கேட்டுப் பாய்ச்சிய தண்ணீர்

1967 நவம்பர் 3, வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். மூன்று நாள் விடாமல் பெய்த ஐப்பசி மழை அப்போதும் ஓயவில்லை. தென்காசியில் என் வீட்டில், அறுபத்தெட்டாம் வயதில், அண்ணன் காலமானார்கள்.

குத்துக்கல்வலசையில் பிறந்தவர்கள். பதினேழு வயதில் தகப்பனாரை இழந்து, தாம் படிப்பை நிறுத்தி என்னைப் படிக்க வைத்தார்கள். குடும்பத்துக்கு இருந்தது ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் நஞ்சை. அதன் மூன்று பக்கமும் அடுத்த வயல்காரரான பெரியவர் ஒருவரின் நிலம். நான்காம் பக்கம் பாறை. தண்ணீர் வருவதும் வடிவதும் அவர் நிலத்தின் வழியேதான்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கி, சிற்றாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்ததும், அண்ணன் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புப் பழமும் எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போவார்கள். "மடையைத் திறந்துக்கிடட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். "இதையும் கேக்கணுமா வே?" என்று பெரியவர் சிரிப்பார். முப்பத்தோரு ஆண்டுகள் இப்படியே நடந்தது.

பெரியவர் மறைந்ததும் நிலம் அவர் மருமகன் கைக்குப் போயிற்று. அண்ணன் வழக்கம்போல் தட்டோடு போனார்கள். "எனக்குச் சீனி வியாதி. பழத்த நீரே தின்னும்" என்றார் அவர். மறுநாள் வாய்க்காலும் வடிகாலும் மண்போட்டு மூடப்பட்டிருந்தன. மழையை நம்பி நட்டு, அந்த ஐப்பசியில் கதிர் தள்ளிய பயிர் முழுவதும் வடிய வழியில்லாத தண்ணீருக்குள் அழுகியது.

முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். இருபது ஆண்டுக்கு மேல் உரிமையோடு பாய்ச்சியிருந்தால் அது பாத்தியதை ஆகிவிடும் என்று எங்கள் வக்கீல் தைரியம் சொல்லியிருந்தார். கூண்டில் நின்ற அண்ணனிடம் எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றுதான் கேட்டார்.

"வருசா வருசம் பெரியவர்கிட்ட கேட்டுத்தான் தண்ணி விட்டீரா?"

"கேக்காம எப்படிய்யா விடுவேன்? அவுக நிலம்லா!"

எங்கள் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். அனுமதி கேட்டு அனுபவித்தது உரிமை ஆகாது என்று வழக்குத் தள்ளுபடியாயிற்று.

வெளியே வந்ததும் வக்கீல், "கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா அண்ணாச்சி? பெரியவர் எந்திரிச்சு வந்தா சாட்சி சொல்லப்போறாரு?" என்றார்.

"வெத்தல வாங்குன மனுசன் செத்துட்டாருங்கதுக்காவ, நான் குடுக்கலன்னு சொல்ல முடியுமாய்யா?" என்றார்கள் அண்ணன்.

அதன்பின் நான்கு ஐப்பசியிலும் அண்ணனும் மதினியும் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளியால் இறைத்தார்கள். அண்ணனுக்கு மூச்சிரைப்பு வந்தது அதில்தான், கடைசிவரை விடவில்லை. மருமகன் ஒருவழியாக இறங்கி வந்தார். மண்ணைத் தரமாட்டார், மூன்றடி அகலத்தில் தண்ணீர் வரவும் வடியவும் பாத்தியதை மட்டும் விலைக்கு எழுதித் தருவார். 1965இல் பத்திரம் பதிவாயிற்று. அண்ணன் அந்த வாய்க்காலில் பாய்ச்சி அறுத்தது இரண்டே வெள்ளாமை.

கட்டணத்தில் பாதியைத் தள்ளிக்கொடுத்த வக்கீல் ஐயாவுக்கும், அண்ணனுக்கு மருந்தும் கஞ்சியும் தவறாமல் கொடுத்த மதினிக்கும், அடைமழையில் நனைந்துகொண்டே இறுதிப் பயணத்துக்கு வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பத்திரத்துக்காக அண்ணன் வயலிலேயே அறுபது சென்ட்டை விற்றார்கள். மீதி எண்பது சென்ட்டுக்குத் தண்ணீர் வந்து போக ஆன செலவு, கோர்ட்டுச் செலவும் சேர்த்து, நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.