தாவிப் போன தவளை

உயிருள்ள தவளையை இப்போது பள்ளியில் அறுப்பதில்லை. கால்வலியோடு நாற்காலியில் உட்கார்ந்து, திரையிலிருந்த தவளையை அறுத்துக் காட்டினேன். பாடம் முடிந்ததும் ஒரு மாணவி பொத்தானை அமுக்கினாள். வயிறு மூடிக்கொண்டு, தவளை தாவிப் போனது.

நான் பிளஸ் டூ படித்தபோது தவளையை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கம்பத்து வயலில் நாற்று நட்டுவிட்டு வந்த அம்மா, சேறு காயாத கையால் தூக்குவாளியை நீட்டினாள்.

"தண்ணி ஊத்திருக்கேன் ஆத்தா. பாடம் முடிஞ்சதும் அங்கன வாய்க்கால்ல விட்ரு."

சாயங்காலம் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் குளோரோஃபார்ம் வாடை போகவில்லை.

"தவளைய விட்டுட்டியா?"

"விட்டுட்டேம்மா."

"தாவிப் போச்சா?"

"போச்சும்மா."

அம்மா நிம்மதியாகச் சோறு போட்டாள்.

இப்போது அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. அடுத்து 'பி' பிரிவு. அதே தவளையை மறுபடியும் அறுக்க வேண்டும்.