கடைசி அத்தியாயம் இல்லாத புத்தகம்

அலமாரியை இந்த வாரமே எடுத்துவிடும்படி வீட்டுக்காரர் நேற்றுச் சொல்லிவிட்டார். பர்மியத்தில், தன்மையாகத்தான் சொன்னார். ரங்கூன் பசுந்தாங் பேட்டையில் மூன்றாம் மாடி. என் முழங்கால் படும் பாடு அவருக்கு என்ன தெரியும்? எங்கள் தமிழ் நூலகம் கோவில் மண்டபத்தில் பிறந்து, இந்த அறைக்குக் குடிவந்து, ஆட்கள் குறையக் குறைய ஒரே அலமாரிக்குள் ஒடுங்கியது. கதவைத் திறந்ததும் அந்துருண்டையும் மழைக்காலப் பூஞ்சையும் சேர்ந்து மூக்கில் ஏறின. தும்மி முடித்துப் பார்த்தால், கையில் அந்தத் தொடர்கதை.

மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த பத்திரிகைகள் நின்றுபோன பிறகு, பழைய இதழ்களிலிருந்து தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து, பர்மியக் காலண்டரை அட்டையாக வைத்துத் தைத்துக்கொள்வோம். எங்கள் நாவல்கள் பாதி அப்படி வந்தவைதான். இதில் கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. அந்த இதழ் வந்து சேரவேயில்லை.

நான் அப்போது இன்சீன் ரயில்வே பட்டறையில் புது கிளார்க். தமிழ் பேச வரும், படிக்க வராது என்பவர்களுக்காக ஞாயிறுதோறும் இங்கே உரக்க வாசிப்பேன். குரல் பிரமாதம் என்று எனக்கே ஒரு நினைப்பு. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருந்து படகேறி காமாட்சியக்கா கேட்க வருவார். சில வாரம் கன்னம் வீங்கியிருக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

முடிவு கிடைக்காத கதைக்கு நாங்களே கூடி முடிவு கட்டுவது வழக்கம். இந்தக் கதைக்கும் ஒரு ஞாயிறு கூடினோம். அடிக்கிற புருஷனை விட்டு வந்த கதாநாயகி இனி என்ன செய்வாள்? நூலகத் தலைவர் ராமையா, பர்மிய மரியாதையில் 'ஊ ராமையா', துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர், "புருஷன்கிட்டயே போய்ச் சேந்துருவா. அதான் முறை" என்றார். பலர் தலையாட்டினார்கள்.

அதுவரை அந்த அறையில் வாயே திறக்காத அக்கா எழுந்துவிட்டார். "அடி வாங்குறது அவ, முறை சொல்றது நீங்களா ஐயா? அவ போவ மாட்டா."

"கதைதானே காமாட்சி, ஒக்காரு."

"போவ மாட்டான்னு முடிவு பண்ணுங்க. அப்புறம் ஒக்காருறேன்."

கை தூக்கச் சொன்னார்கள். பெண்கள் எல்லாரும் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். அக்கா ஜெயித்தார். அன்று மாலைப் படகுக்கு அவர் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. இங்கேயே சந்தையில் பயாஜோ வடை சுட்டு விற்று, சாகும்வரை யாருக்கும் தலைகுனியாமல் இருந்தார்.

போன மாதம், மதுரையில் இருக்கும் சித்தப்பா மகன் அந்தக் கடைசி அத்தியாயத்தை எங்கிருந்தோ தேடிப்பிடித்து போனில் அனுப்பினான். கதாநாயகி திரும்பிப் போய்ப் புருஷன் காலில் விழுகிறாள். சுபம்.

யாரிடம் காட்டுவது என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்று கை தூக்கியவர்களில் இன்று மிச்சம் நான்தான். எங்கள் பிள்ளைகள் பர்மிய எழுத்தைத்தான் படிக்கிறார்கள். ஒரு கதை எப்படி முடிய வேண்டும் என்று மல்லுக்கு நிற்க இந்த ஊரில் இனி யார் வரப்போகிறார்கள்? நாளை பழைய பேப்பர்காரன் வருவான். அலுத்துவிட்டது, தடுக்கத் தெம்பில்லை. ஆனால் அந்த இதழ் ரங்கூனுக்கு வராமல் போனதே, அதற்காக எந்தச் சாமிக்கு வேண்டுமானாலும் தேங்காய் உடைப்பேன்.